நுரையக்காவின் பலகை

யார் தண்ணீர் பாட்டிலை நீட்டினாலும் நுரையக்கா முதலில் அதைக் கவிழ்த்து அடியைப் பார்க்கிறார். அதற்கு முன் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் மட்டும் அவருக்கு இன்னும் கைவரவில்லை. சில நாட்களுக்கு முன், அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த உறவினர் ஒருவரை நலம் விசாரிக்கப் போனவர், பாதி பாட்டில் தண்ணீரை நோயாளியின் போர்வையில் கொட்டிவிட்டு, "பரவால்ல, நல்ல பாட்டில்தான். பொட்டு இருக்கு" என்று ஆறுதல் சொன்னார். சிரித்ததில் தையல் இழுத்து வலித்ததாக நோயாளியே பிறகு சொன்னார்.

பொட்டு என்று அவர் சொல்வது, தண்ணீரும் குளிர்பானமும் அடைத்து வரும் பாட்டில்களின் அடியில் நட்ட நடுவே முண்டி நிற்கும் சிறு புள்ளியை. அதே பளபளப்போடு இன்னொரு வகைப் பாட்டிலும் குப்பையில் வரும். அதன் அடியில் புள்ளிக்குப் பதில் ஒரு கோடு ஓடும். பார்வைக்கு இரண்டும் அக்கா தங்கை போல இருந்தாலும் ஒரே சூட்டில் உருகாத சாதிகள். கோட்டுப் பாட்டில் ஒன்று தப்பிப்போய்ப் பொட்டுப் பாட்டில்களோடு உலைக்குள் நுழைந்துவிட்டால், கருகிய நெடி கண்ணைப் பிடுங்கும். உருகியது முழுவதும் கரும்புள்ளி விழுந்து பாழாகும். "பொட்டு உள்ள, கோடு வெளிய" என்பதே அந்தக் கொட்டகையில் வேலைக்கு வருகிறவர்கள் கற்கும் முதல் பாடம்.

நெடுஞ்சாலையை ஒட்டிய தகரக் கொட்டகை அது. ஒரு வாசல் வழியாகக் குப்பைப் பாட்டில்கள் மூட்டை மூட்டையாக உள்ளே போகின்றன. தரம் பிரித்து, நொறுக்கி, கழுவி, காய வைத்து, உருக்கி, உருகியதற்குள் காற்றைப் புகுத்திப் பொங்கவைத்தால், மறு வாசல் வழியாக லேசான, விறைப்பான நுரைப் பலகைகள் வெளியே வருகின்றன. சாலைக்கு அந்தப் பக்கம் காற்றாலை இறக்கைகள் செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. இறக்கையின் மேலும் கீழும் பசையில் இறுகிய கண்ணாடி நூல் துணி. நடுவில் இந்தப் பலகை. முழுவதும் துணியும் பசையுமாகச் செய்தால் கனம் தாங்காது. உள்ளே வெறுமையாக விட்டால் நெளிந்துவிடும். இதை யார் கேட்டாலும் அவர் ஒரே மாதிரிதான் விளக்குவார்: "க்ரீம் பிஸ்கட்டு பாத்திருக்கீங்களா? நாங்க செய்யறது நடுவுல இருக்கற க்ரீம். ஆனா எங்க க்ரீம்தான் பிஸ்கட்டத் தாங்குது."

வயது நாற்பத்தேழு. மெலிந்த உடம்பு. நடக்கும்போது தோள் முன்னே போகும்; மற்றதெல்லாம் அவசரமாகப் பின்னால் வந்து சேரும். வலக் கைக் கட்டைவிரலின் ரேகை தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. பாட்டில் அடிகளைத் தடவித் தடவித் தேய்ந்தது என்பது அவர் கட்சி. சின்ன வயதிலேயே அப்படித்தான் இருந்தது என்பது அவருடைய அண்ணன் கட்சி. எப்படியாயினும், விரலை வைத்துத் திறக்கும் கைப்பேசி அவருக்குத் திறப்பதில்லை. "என் ஃபோனே என்ன யாருன்னு கேக்குது" என்று அலுத்துக்கொள்வார். கொட்டகையில் அவருக்கு நுரையக்கா என்று பெயர். கேலியாகத் தொடங்கியது, இப்போது கேலி போய் அக்கா மட்டும் நின்றுவிட்டது.

பொங்கவைக்கும் இயந்திரத்துக்கு அவர் இட்ட பெயர் மகராணி. மகராணி சூடேறும்வரை பக்கத்தில் யாரும் சத்தம் போடக்கூடாது, குறிப்பாக அதை விற்பது பற்றிப் பேசவே கூடாது. இயந்திரத்துக்குக் காது இல்லை என்பது அவருக்கும் தெரியும். "இருந்தாலும் எதுக்கு வம்பு?" என்பார்.

வீட்டுக்குள் நுழைந்தால் தரத்தில் தோற்ற பலகைகள் குடும்பம் நடத்துவதைக் காணலாம். குளிர்பெட்டிக்கு அடியில் ஒன்று, ஆடும் மேசைக் காலுக்குக் கீழே ஒன்று, கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க ஒன்று, உட்கார ஒன்று, சாய ஒன்று. கணவர் ரொட்டிக் கடை நடத்துகிறார். "அவரு மாவப் பொங்கவைப்பாரு, நான் குப்பையப் பொங்கவைப்பேன்" என்பது நுரையக்கா தங்கள் இல்லறத்தைப் பற்றித் தரும் சுருக்கமான அறிமுகம். மாலையில் இருவரும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்வார்கள். அவர் அன்று சுட்ட ரொட்டியில் ஒன்றை அறுத்து வைப்பார். இவர் அன்று எடுத்த பலகையில் ஒரு துண்டை வைப்பார். இரண்டின் துளைகளும் ஒன்றோடொன்று ஒப்பிடப்படும். துளை சிறிதாக, ஒரே சீராக இருக்க வேண்டும் என்பது இரு தொழிலுக்கும் பொது. "ரொட்டில பொந்து விழுந்தா வெண்ணெயத் தடவி வித்துடுவேன். உன்னுதுல விழுந்தா?" என்று அவர் சீண்டுவார். "என்னுது ஆகாசத்துல ஒடியும். உங்களுது வாயிலதான ஒடியும்" என்று பதில் வரும்.

கொட்டகை அண்ணனுடையது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே வாளியும் குவளையும் வார்த்தார்கள். வாளி வியாபாரம் படுத்தபோது, பழைய நுரை இயந்திரம் ஒன்றை வாங்கி இறக்கைப் பலகை செய்யலாம் என்ற யோசனை பிறந்தது. அது யாருடைய யோசனை என்பதில் அண்ணன் சொல்வதும் தங்கை சொல்வதும் பொருந்தவில்லை. தொழிற்சாலை பலகையை வாங்கத் தொடங்கினால் இருவருமே தன் யோசனை என்பார்கள். வாங்க மறுத்தால், அது யாருடையது என்பதில் அண்ணனுக்குச் சந்தேகமே இருக்காது.

தொழிற்சாலை மறுத்தது. முதல் மாதிரிப் பலகை, துணுக்குகள் சரியாகக் காயாததால் அடுப்பில் வைத்த பால் இறங்குவது போலப் பொங்கிய வேகத்தில் அமுங்கிப்போயிருந்தது. அது எதிர்பார்த்த தோல்விதான். இரண்டாவது மாதிரிக்குத்தான் நுரையக்கா கங்கணம் கட்டிக்கொண்டு இறங்கினார்.

வாளித் தொழிலில் வெள்ளைக்குத்தான் மதிப்பு. வெள்ளை வாளி முதல் தரம். நிறம் மங்கியது கழிவு விலை. அந்தப் பழக்கம் அவர் கையை விட்டுப் போகவில்லை. நிறமில்லாத பாட்டில்களை மட்டும் பொறுக்கச் சொன்னார். கழுவும் கொதிநீரில் காஸ்டிக் சோடாவை இரு மடங்காகக் கொட்டினார். ஊறும் நேரத்தையும் நீட்டினார். பசையும் அழுக்கும் ஒழிந்து, துணுக்குகள் உப்புக் கல் போல மின்னின. அடுத்துள்ள அலசும் தொட்டியில் முந்தைய சரக்கின் பச்சைத் துணுக்குகள் கொஞ்சம் மிதந்துகொண்டிருந்தன. அவை ஒட்டிக்கொண்டால் வெள்ளை கெட்டுவிடுமே என்று, பேருக்கு ஒரு முங்கு முக்கி எடுத்து அலசலை முடித்துக்கொண்டார்.

சுண்ணாம்பு அடித்த புதுச் சுவர் போலப் பலகை வந்தது. அறுத்துப் பார்த்தபோது நடுவில் மட்டும் வைக்கோல் நிறத்தில் ஒரு சாயல் தெரிந்தது. "விளக்கு வெளிச்சம்" என்று தள்ளிவிட்டார். யாருடைய கையும் படாதபடி துணி போர்த்தித் தொழிற்சாலைக்கு அனுப்பினார். பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் இளம்பெண் தொலைபேசியில் அழைத்தார்.

"அக்கா, பலகை ரொம்ப அழகா இருக்கு."

"நான் சொல்லல?"

"ஒடிஞ்சு போச்சுக்கா."

நுரையக்கா கைப்பேசியை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"எதுல கழுவினீங்க?"

"எல்லாரும் கழுவறதுலதான், மேடம்."

"எவ்வளவு போட்டீங்க?"

நுரையக்கா அளவைச் சொல்லவில்லை. அவர் சொல்லாததிலிருந்தே அந்தப் பெண் புரிந்துகொண்டார். "காஸ்டிக் அதிகமானா அழுக்கோட நிக்காதுக்கா. பிளாஸ்டிக்கையும் தின்னும். நல்லா அலசாம விட்டா காய வைக்கும்போதும் உருக்கும்போதும் தின்னுக்கிட்டே இருக்கும். வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள இழையெல்லாம் அறுந்து மஞ்ச தட்டியிருக்கும்."

"எங்க மெஷின் கொஞ்சம் பழசு, மேடம்..."

"மெஷின் மேல தப்பு இருக்கறதாத் தெரியலக்கா."

அன்று பிற்பகல் முழுவதும் நுரையக்கா பாட்டில்களில் ஒட்டியிருந்த காகிதங்களைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அதற்குள் அண்ணன் தானாகவே ஒரு தீர்ப்புக்கு வந்துவிட்டார். கோட்டுப் பாட்டில் ஏதோ ஒன்று உள்ளே போயிருக்கிறது. ஆகவே தரம் பிரித்தவர்கள் மேல்தான் தப்பு. தரம் பிரிக்கும் மேசைக்குத் தலைமை அவருடைய மனைவி, அதாவது அண்ணி. எல்லோரும் பார்க்க அண்ணன் பாய்ந்தார்.

"உன் கண்ணு எங்க போச்சு? பேச்சு மட்டும் கழுகு மாதிரி!"

அண்ணி மேசையை விட்டு எழக்கூட இல்லை. "என் கண்ணத் தப்பி ஒரு கோடு போயிருந்தா இன்னைக்கே நான் கண்ணாடி போட்டுக்கறேன். போகல. அதனால நீங்க போட்டுக்கங்க."

"போதும். இது கையக் கடிக்குது. முட்டை அடுக்கற தட்டு செய்யறவரு ஒருத்தரு வெள்ளிக்கிழமை மெஷினப் பாக்க வராரு. பிடிச்சா எடுத்துக்கட்டும். நாம பழையபடி வாளிக்கே போவோம்."

நுரையக்கா பேசாமல் இருந்திருக்கலாம். அண்ணியின் மேல் விழுந்த பழி அண்ணியின் மேலேயே கிடந்திருக்கும். கணவன் மனைவி சண்டை கொட்டகைக்குப் புதிதும் அல்ல. நுரையக்கா சுரண்டுவதை நிறுத்தினார்.

"அண்ணி மேல இல்லண்ணா. காஸ்டிக்க ரெட்டிப்பாக்கினது நான். அலசலக் குறைச்சதும் நான்தான்."

"ஏன்?"

"வெள்ளையா வரணும்னு."

அண்ணன் தலையில் கையை வைத்துக்கொண்டார். "உள்ள போறதுக்கு எதுக்குடி வெள்ளை? யாரு பாக்கப் போறா?"

அண்ணிதான் பேசினார், அதுவும் நன்றியாக அல்ல. "இத்தன நேரம் நான் திட்டு வாங்கறத வேடிக்கை பாத்துக்கிட்டா இருந்த? நல்ல நாத்தனாருடி நீ! சரி, அடுத்த லோடுக்கு எந்தச் சாக்க அவுக்கறது?"

"அடுத்த லோடா?" என்றார் அண்ணன்.

"வெள்ளிக்கிழம வரைக்கும் மெஷின் நம்மளுதுதானே?" என்று கேட்டுவிட்டு, தங்கை சாக்கு அவிழ்க்கப் போய்விட்டார்.

நிறமில்லாத பாட்டில்கள் தீர்ந்துபோயிருந்தன. மிஞ்சியவை யாரும் விரும்பாத மூட்டைகள்: பச்சைக் குளிர்பானப் பாட்டில், நீலத் தண்ணீர் பாட்டில், பழுப்பு மருந்துப் பாட்டில். அவற்றையே கொட்டினார். கழுவுவதற்கு எவ்வளவு போட வேண்டும் என்று தொழிற்சாலைப் பெண்ணையே கேட்டார். இந்த முறை மேடம் என்ற சொல் வாயில் வரவில்லை, "சொல்லு கண்ணு" என்று வந்தது. அலசல் போதுமா என்று பார்க்க அந்தப் பெண் ஒரு கட்டு பரிசோதனைக் காகிதம் கொடுத்தனுப்பியிருந்தார். தண்ணீரில் காஸ்டிக் மிச்சமிருந்தால் காகிதம் நீலமாகும். நுரையக்கா முதலில் கட்டைவிரலால் துணுக்குகளைத் தேய்த்துப் பார்த்தார். வழுக்கவில்லை, கட்டைவிரல் சரி என்றது. காகிதத்தை நனைத்தார், நீலமாகி, இல்லை என்றது. கட்டைவிரலை மடக்கிக்கொண்டு மறுபடி குழாயைத் திறந்தார். காகிதம் தன் நிறத்திலேயே நிற்கும்வரை திறந்து திறந்து மூடினார்.

காய வைக்கும் கலத்தை நடுவில் திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே போய்விடும். அண்ணனுக்கோ எதையும் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. ஆகவே நுரையக்கா ஒரு பலகைத் துண்டை இழுத்துப் போட்டு, கலத்தின் கதவில் முதுகை வைத்து உட்கார்ந்துவிட்டார். சாப்பாடும் அங்கேதான்.

"ஒரே ஒரு தரம் பாத்துட்டு மூடிடறேன்."

"வேணாம். நீ போய் முட்டைத் தட்டுக்காரருக்கு நாற்காலியத் தொடச்சு வை."

மகராணி உறுமத் தொடங்கியது. சல்லடை போன்ற அச்சிலிருந்து உருகிய இழைகள் வெளிப்பட்டு, பருத்து, ஒன்றையொன்று தேடி ஒட்டிக்கொண்டு ஒரே பாளமாக நகர்ந்து வந்தன. நிறத்தைப் பார்த்ததும் அண்ணியால்தான் பொறுக்க முடியவில்லை. "என்னடி இது, தவளை முதுகு மாதிரி இருக்கு!"

உண்மையில் அதைவிட மோசமாக இருந்தது: பச்சையும் இல்லை, பழுப்பும் இல்லை, பாத்திரம் கழுவிய தண்ணீரின் நிறம். நுரையக்கா அறுத்துப் பார்த்தார். ஓரத்தில் என்ன நிறமோ அதேதான் நடுவிலும். வெளிச்சத்தைக் குறை சொல்ல எதுவும் இல்லை. மாலையில் ஒரு துண்டு சாப்பாட்டு மேசைக்குப் போனது. ரொட்டிக்காரர் தன் ரொட்டியைப் பக்கத்தில் வைத்தார், கண்ணாடியை மாட்டினார், இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் ரொட்டியை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார்.

"ஏதாவது சொல்லுங்க."

"என்னத்தச் சொல்றது? இத நான் சுட்டிருந்தா கடை முன்னாடி வெச்சிருப்பேன்."

வெள்ளிக்கிழமை காலை, நுரையக்கா பலகையைப் பழைய துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே பேருந்தில் பரிசோதனைக் கூடத்துக்குப் போனார். பக்கத்து இருக்கைக்காரர் குழந்தை என்று நினைத்து இடம் விட்டு உட்கார்ந்தார். கூடத்தில், இரண்டு எஃகுக் கட்டைகளுக்கு நடுவே பலகைத் துண்டைச் செருகிக்கொண்டிருந்தபோதே கைப்பேசி அலறியது. அண்ணன்தான்.

"மெஷின் சாவி எங்க?"

"என் பைல."

"அந்த ஆளு வந்து உக்காந்திருக்காரு. ஓட்டிப் பாக்கணுங்கறாரு."

"காபி குடு."

"குடுத்தாச்சு."

"இன்னொண்ணு குடு" என்று சொல்லி அணைத்துவிட்டார்.

கட்டைகள் நெருங்கின. எண்கள் ஏறின. வெள்ளைப் பலகை ஒடிந்த இடம் எது என்று அந்தப் பெண் திரையில் விரலை வைத்துக் காட்டினார். எண் அந்த விரலைத் தொட்டது, தாண்டியது. பலகை வாயைத் திறக்கவில்லை. அடுத்த துண்டை இருபுறமும் எதிரெதிராக இழுக்கும் கருவியில் மாட்டினார்கள். அதற்கும் பிறகு இன்னொன்று. நுரையக்கா நாற்காலி கொடுத்தும் உட்காராமல், சாவிப் பையை இரு கைகளாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"போதும்கா."

"போதும்னா? நல்லாருக்கா, சுமாரா இருக்கா? மூடி மறைக்காம சொல்லு கண்ணு."

"கேட்டதுக்கு மேலயே தாங்குது. ஒரு இறக்கைக்கு வெச்சுப் பாக்கலாம்னு எழுதப் போறேன்."

அவர் அண்ணனை அழைத்தார். "அந்த ஆள அனுப்பிடு."

அண்ணன், "ரெண்டு காபி குடிச்சிருக்காரு" என்றார், அதுதான் பெரிய நஷ்டம் என்பது போல. "மூணு" என்று பின்னாலிருந்து அண்ணியின் குரல் திருத்தியது. அன்று சாயங்காலமே, இந்த யோசனை முதன்முதலில் தனக்கு எப்படித் தோன்றியது என்று அண்ணன் பக்கத்துக் கொட்டகைக்காரரிடம் விவரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

இறக்கை வார்க்கும் நாளில் நுரையக்காவை வந்து பார்க்கச் சொன்னார்கள். வார்க்கும் கூடத்துக்குள் ஒரு தெருவையே கொண்டுவந்து கிடத்தலாம். அச்சு அத்தனை நீளம். அச்சுக்குள் கண்ணாடி நூல் துணி படுக்கை விரித்தது போலக் கிடந்தது. அதன்மேல் வெளியிலிருந்து தருவித்த பலகைகள், எல்லாம் வெள்ளை வெளேரென்று, வரிசையாகப் பதிக்கப்பட்டிருந்தன. நடுப்பகுதியில் ஒரு நீண்ட பட்டை மட்டும் பாத்திரம் கழுவிய தண்ணீரின் நிறத்தில் கிடந்தது. தன்னுடையது எது என்று அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மேல் துணியின் சுருளைத் தூக்கிக்கொண்டு கையுறை போட்ட இருவர் நெருங்கினார்கள். அது விழுந்து, பசை ஊறி இறுகிவிட்டால், இறக்கை உள்ளவரை அந்த நிறத்தை எவரும் பார்க்கப்போவதில்லை. நுரையக்கா சட்டென்று, "ஒரு நிமிசம்" என்றார். பலகையின் மேல் அறுத்த தூள் கொஞ்சம் ஒட்டியிருந்தது. துடைக்கக் கையை நீட்டினார்.

"அக்கா, கை படக்கூடாது" என்றார் பரிசோதனைக் கூடத்துப் பெண்.

நுரையக்கா நீட்டிய கையை இழுத்து, மற்றக் கையோடு சேர்த்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். துணிக்காரர்கள் காத்து நின்றார்கள். அவர் நன்றாகக் குனிந்து, தூள் இருந்த இடத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய், பூவென்று ஊதினார்.